சமன் குறி இல்லாத மஹர்

மருமகளாக வரப்போகிறவள் மஹராக என்ன கேட்கிறாள் என்று அறிந்துவர மருதமுனைக்குப் போன பெரியவர்கள் திரும்பி வந்து பதிலைச் சொன்னபோது, வரிப்பத்தான்சேனையில் மாப்பிள்ளையின் தாய் ஸைனம்பு கையிலிருந்த சுளகை அப்படியே கீழே வைத்துவிட்டாள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய மஹரை ஊரில் எல்லாப் பெண்களும் பவுண் கணக்கில்தான் கேட்பார்கள். இந்தப் பெண் கேட்டிருந்தது ஒரு கல்குலேட்டர்.

"நம்மட மில்லுல ரெண்டு கிடக்கு. ஒண்டத் துடைச்சுக் குடுத்தாப் போதுமா மகன்?" என்று ஸைனம்பு கேட்டாள்.

மகன் றிபாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். நெல் ஆலை ஒன்றைத் தனியாக நடத்துகிறவன், ஈரநெல்லைக் காய்ந்த நெல் என்று ஒருவனும் அவன் தலையில் கட்ட முடியாது. அப்படிப்பட்ட ஆள் ஸம்றா என்ற பெயர் காதில் விழுந்த நாளிலிருந்து பாதிப் பைத்தியமாகத்தான் திரிந்தான். தவிட்டு மூடைக்குப் போட வேண்டிய அடையாளத்தை அரிசி மூடைக்குப் போட்டான். உப்புப் போடாத கறியை நல்லாயிருக்கு உம்மா என்று சாப்பிட்டான். தாய்க்கு அவன் போக்கைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஸம்றா கல்முனையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். நிதித்துறைக்காரர்கள் உலகம் முழுக்க எழுதுகிற கடுமையான பரீட்சை ஒன்றுக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். பரீட்சை கொழும்பில், நிக்காஹ் முடிந்து இரண்டாவது வாரம். ஏன் கல்குலேட்டர் என்று றிபாஸ் தொலைபேசியில் கேட்டபோது அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"போன வருஷம் ஒரு சம்பந்தம் வந்திச்சு. எல்லாம் பேசி முடிச்ச பிறகு, கலியாணத்துக்குப் பிறகு படிப்பு என்னத்துக்கு எண்டு அவங்க கேட்டாங்க. வேணாம் எண்டு சொல்லிட்டன். மஹர் எண்டா அது பொம்புளைட உரிமை. நிக்காஹ்ப் புத்தகத்திலயே எழுதிட்டா, மறுகா ஒருத்தரும் படிச்சது போதும் எண்டு சொல்லேலாதானே."

"நான் சொல்ல மாட்டன்," என்றான் றிபாஸ்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. ஊர் சொல்லும். அதுக்குத்தான்."

பிறகு அவள் ஒரே ஒரு விபரம் சொன்னாள். அந்தப் பரீட்சைக்கு இரண்டே இரண்டு வகைக் கல்குலேட்டரைத்தான் உள்ளே விடுவார்கள். ஒன்று பி.ஏ. டூ ப்ளஸ், மற்றது ட்வெல்வ் சி. வேறு எதைக் கொண்டுபோனாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "இந்த ரெண்டுல எதெண்டாலும் எடுங்க," என்றாள். அதற்கு மேல் சொன்னால் மஹரில் பேரம் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குக் கூச்சம்.

றிபாஸுக்குத் தலைகால் புரியவில்லை. தான் அவளுக்குக் கொடுக்கப்போகிற முதல் பொருள் இது. அதில் பிழை வரக் கூடாது. அவளுடைய கை நாளும் பொழுதும் தொடப்போகிற பொருள் வேறு. உமி பறக்கிற ஆலைக்குள், மோட்டார் சத்தத்துக்கு நடுவே, தொலைபேசியை மூக்கில் ஒட்டுமளவுக்குப் பிடித்துக்கொண்டு இரண்டு கல்குலேட்டரையும் பற்றிய வீடியோக்களைப் பார்த்தான். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கேட்டாலும் அந்த வேகமான இங்கிலீசு பாதிதான் விளங்கும். ஆகவே அவன் பார்த்ததெல்லாம் படம்தான்.

படத்தில் ஒன்று கறுப்பு. நெட்டையாக, சாதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் பைக்குள் கிடக்கிற சாமான் மாதிரி இருந்தது. மற்றது அகலமாக, முகம் முழுக்கப் பொன்னிறத் தகட்டோடு மினுங்கியது. விலையும் கறுப்பைவிடக் கூட. ஒருமுறை வாங்கினால் முப்பது வருடம் உழைக்கும் என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். முப்பது வருடம் என்ற சொல் றிபாஸுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இருந்தாலும் ஒரு மனம் கறுப்பை எடு என்றது, ஒரு மனம் பொன்னை எடு என்றது. ஒருநாள் காலை கறுப்பு என்று முடிவு கட்டி, பகல் சோற்றுக்குள் பொன் என்று மாற்றி, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது மறுபடி கறுப்புக்கே வந்து சேர்ந்தான். கடைசியில் இரண்டு படத்தையும் தாயிடம் காட்டினான்.

ஸைனம்புக்கு யோசனையே தேவைப்படவில்லை. "கலியாணத்துக்குப் போய்க் கறுப்பக் குடுக்கிறதா? பொன்ன எடு மகன். அதுவும் பொன்னெண்டாலாவது சனத்துக்கு முன்னால என்ட மூஞ்சி நிக்கும். விலை குறைஞ்சத எடுத்தா, மில்லுக்காரன் மஹருலயும் கஞ்சத்தனம் பாத்தான் எண்டு மருதமுனை முழுக்கக் கதைப்பாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. எப்படிப் பார்த்தாலும் இரண்டும் அனுமதித்த சாமான்தானே. றிபாஸ் கொழும்புக் கடையொன்றுக்குப் பணம் அனுப்பினான். ஸைனம்பும் மனம் தேறி அடுத்த அலுவலில் இறங்கினாள். நிக்காஹ் முடிந்த மறுநாளிலிருந்து புதுத் தம்பதியை விருந்துக்கு அழைக்க இறக்காமம், சம்மாந்துறை, மாவடிப்பள்ளி என்று சொந்தங்கள் வரிசையில் நின்றார்கள். எந்தப் பகல் யார் வீட்டில் புரியாணி, எந்த இரவு யார் வீட்டில் இடியப்பம் என்பதையெல்லாம் அவள் மனதாலேயே பிரித்துக் கொடுத்தாள். ஒரு வேளையும் மிச்சம் இருக்கவில்லை. அதில் அவளுக்குப் பெரிய பெருமை.

கூரியர் நிக்காஹ்வுக்கு முதல் நாள் மத்தியானம்தான் வந்தது. பெட்டியைத் திறந்ததும் தாயும் மகனும் தலையோடு தலை முட்ட எட்டிப் பார்த்தார்கள். படத்தில் பார்த்ததைவிட அழகு. ஸைனம்பு முந்தானையால் அதைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சங்கிலியைப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சரியாக் கணக்குப் பாக்குதா எண்டு பாத்தியா?"

"என்னத்துக்கு உம்மா? புதுச் சாமான்."

"மாடு வாங்கினாலும் பல்லப் பாத்துத்தானே வாங்குற. ரெண்டும் ரெண்டும் எத்தினை எண்டு அடிச்சுப் பாரு."

றிபாஸ் சிரித்துக்கொண்டே இரண்டை அமுக்கினான். கூட்டல் அமுக்கினான். மறுபடி இரண்டு. பிறகு சமன் குறியைத் தேடினான். மேல் வரிசையில் இல்லை. கீழ் வரிசையில் இல்லை. பக்கவாட்டில் ஒருமுறை பார்த்து, பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தான். பொன் முகத்தில் பட்டன் எத்தனையோ இருந்தது, சமன் மட்டும் இல்லை. நடுவில் என்டர் என்று ஒரு உயரமான பட்டன் நின்றது. அதுவாகத்தான் இருக்கும் என்று அமுக்கினான்.

திரையில் 2 வந்தது.

"ரெண்டும் ரெண்டும் ரெண்டா?" என்றாள் ஸைனம்பு.

"கை தவறியிருக்கும் உம்மா." அவன் ஐந்தையும் மூன்றையும் போட்டுப் பார்த்தான். மூன்று என்று வந்தது.

ஸைனம்பு மெதுவாக நாற்காலியில் அமர்ந்தாள். "யா அல்லாஹ். அஞ்சும் மூணும் மூணெண்டு சொல்ற சாமான நாளைக்குச் சபையில வச்சு மஹராக் குடுக்கப் போறமே. அந்தப் புள்ள பேங்குல வேல செய்யிற புள்ள."

றிபாஸ் கடைக்குப் போன் போட்டான். சாமானில் பிழை இருக்காது என்று சொன்னார்கள். சரி, அதைத் திருப்பித் தாறன், கறுப்பை அனுப்புங்கள் என்றான். பரீட்சைக் காலம், கறுப்பு முழுக்க முடிந்துவிட்டது, இனி அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். அவன் வேறு கடைகளுக்கும் எடுத்துப் பார்த்தான். எல்லோரும் ஒன்றாகக் கூடிப் பேசி வைத்த மாதிரி அதே பதிலைச் சொன்னார்கள்.

ஸம்றாவிடம் கேட்கவும் வழியில்லை. அன்று அவளுக்கு மருதோன்றி போடும் நாள். இரண்டு கையிலும் மருதோன்றி, தொலைபேசி யார் யாரோ மச்சிமார் கையில். அவன் அனுப்புகிற செய்தியை வீடு முழுக்க வாய்விட்டு வாசித்துச் சிரிக்கும். ஆகவே மோட்டார் சைக்கிளை எடுத்தான். கல்குலேட்டரைச் சட்டைக்குள் வைத்து மேல் பட்டனைப் பூட்டிக்கொண்டான். சம்மாந்துறை கடந்து, மாவடிப்பள்ளி வயல்கள் கடந்து, காரைதீவுச் சந்தியில் வடக்கே திரும்பி, சாய்ந்தமருதும் கல்முனையும் பின்னால் போக, மருதமுனையில் மணப்பெண்ணின் தெருவைத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினான். அந்தத் தெருவில் பந்தலுக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரக்கண்ணால் பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

அவன் போய் நின்றது பெரியநீலாவணையில், ஸம்றாவின் சிநேகிதி தக்சாயினியின் வீட்டில். அவளும் ஸம்றாவும் ஒரே வங்கியில் பக்கத்துப் பக்கத்து மேசை, எழுதப்போவதும் ஒரே பரீட்சை. கடற்கரைப் பக்கமிருந்து அவளுடைய தகப்பன் அமிர்தலிங்கம் வலையோடு வந்துகொண்டிருந்தார். நாளை மாப்பிள்ளையாகப் போகிறவன் இன்றைக்குத் தன் முற்றத்தில் என்ன செய்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. தக்சாயினி கல்குலேட்டரைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ நானா. பொன்னையா எடுத்தீங்க?" என்றாள், ஸம்றாவின் ஊரில் அண்ணனை அழைக்கிற சொல்லால்.

"சாமான் பழுதா தங்கச்சி? ரெண்டும் ரெண்டும் ரெண்டெண்டு சொல்லுது."

"பழுதில்ல. இது இப்பிடித்தான். நாம அடிக்கிற மாதிரி அடிச்சா இதுக்கு விளங்காது. முதல்ல ரெண்டு எண்ணையும் உள்ள கொண்டு போகோணும். மறுகாதான் கூட்டவா கழிக்கவா எண்டு சொல்லோணும். இஞ்ச பாருங்க." அவள் இரண்டு அமுக்கி, என்டர் அமுக்கி, மறுபடி இரண்டு அமுக்கி, கடைசியாகக் கூட்டலை அமுக்கினாள். நான்கு வந்தது. "சமனே தேவையில்ல."

றிபாஸுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. வந்த அந்தப் பாதியையும் அவள் அடுத்த சொல்லில் எடுத்துக்கொண்டாள்.

"ஆனா ஸம்றா இதத் தொட்டதே இல்ல. நானும் அவளும் என்ட கறுப்புலதான் மாறி மாறிப் பழகினம். கண்ண மூடிட்டு அடிப்பாள். ஒரு கேள்விக்கு ஒண்டரை நிமிஷம்தான் நானா கிடைக்கும். அதுக்குள்ள சமன் எங்க எண்டு விரல் தேடினா கேள்வி போயிரும். என்டதக் குடுக்கலாம் எண்டா, எனக்கும் அதே நாள்தான் பரீட்சை."

"இப்ப என்ன செய்யிற?"

"பழகலாம். நேரம் இருந்தா ஒரு கிழமையில கை வந்திரும். ஒவ்வொரு நாளும் இருந்து அடிக்கோணும்." தக்சாயினி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "கலியாணத்துக்குப் பிறகு அவளுக்கு நேரம் இருக்குமா?"

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அந்தக் கேள்வி அவனோடு மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்தது. உம்மா பிரித்துக் கொடுத்த புரியாணிகளும் இடியப்பங்களும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கல்குலேட்டரைத் தெரிவு செய்ய அவன் இருந்தான், உம்மா இருந்தாள், வீடியோவில் பேசிய வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். அதை அமுக்க அவளுக்கு எப்போது நேரம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவனுக்குத் தன்மீதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாளை இந்த நேரம் அவள் என் மனைவி என்று நினைத்ததும் அந்த வெட்கத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. மாவடிப்பள்ளி வயல் நடுவே தனியாகச் சிரித்துக்கொண்டு போன ஆளை எதிரே வந்த உழவு இயந்திரக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் அஸருக்குப் பிறகு மருதமுனைப் பந்தலில் கால் வைக்க இடமில்லை. மாப்பிள்ளை வெள்ளை உடுத்து நடுவில் அமர்ந்திருந்தான். சட்டைப்பைக்குள் கல்குலேட்டர் நெஞ்சை இடித்துக்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப்பக்கம் பெண்கள், அவர்களுக்கு நடுவே எங்கோ ஸம்றா. பெண்ணின் தகப்பன் ஜவுபர், இரண்டு சாட்சிகளோடு உள்ளே போய் மகளின் சம்மதம் கேட்டு வருவதற்காக எழும்பினார். மஹரின் விபரத்தைச் சொல்லுங்கள் என்று பதிவாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"கல்குலேட்டர் ஒண்டு," என்றார் மௌலவி. பந்தலின் பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

றிபாஸ் எழும்பி நின்றான். "மாமா, உள்ள போக முதல் ஒரு கதை. இந்த மஹருல ஒரு பிழை இரிக்கி. அவங்க பழகினது கறுப்பு. நான் நிறத்தப் பாத்து மயங்கிப் பொன்ன வாங்கிட்டன். இதுல சமன் குறி இல்ல. கறுப்புக்கு நாடு முழுக்கத் தேடிட்டன், பரீட்சைக்கு முதல் வராது. இத மறைச்சு வச்சு நிக்காஹ் முடிக்க எனக்கு மனமில்ல. இதச் சொல்லியே அவங்கட சம்மதத்தக் கேளுங்க."

சபையில் தலைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. இதுவரை எத்தனையோ நிக்காஹ் பார்த்த பெரியவர்கள், மாப்பிள்ளை தானே எழும்பி நின்று தன் மஹரில் குற்றம் சொன்னதைக் கண்டதில்லை. மௌலவி பதிவாளரைப் பார்த்தார், பதிவாளர் தன் பேனாவைப் பார்த்தார். ஜவுபர் சாட்சிகளோடு உள்ளே போனார்.

றிபாஸ் மறுபடி அமரவில்லை. கால்கள் அமரச் சம்மதிக்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? திரைக்குப் பின்னால் முதலில் குசுகுசுப்பு. பிறகு ஒரு பெண் சிரித்தாள். அது ஸம்றாவின் சிரிப்பு. தொலைபேசியில் அவன் எத்தனையோ முறை கேட்ட அதே சிரிப்பு, தொடங்கினால் இலேசில் நிற்காது. பெண்கள் பக்கம் முழுவதும் அவளோடு சேர்ந்து சிரித்தது. அடுத்ததாக அவன் உம்மாவின் குரல் கேட்டது, என்ன பேசுகிறாள் என்பது விளங்கவில்லை.

ஜவுபர் வெளியே வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"மகள் சம்மதம் சொல்லிட்டா. கறுப்பு எண்டு சொல்லாம விட்டது தன்ட பிழையும்தானாம். மாப்பிள்ளை விலை குறைஞ்சத எடுப்பாரு எண்டு நினைச்சாவாம். சமன் இல்லாட்டியும் பரவால்ல, பழகிக்குவாவாம்." அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். "ஆனா மஹரோட இன்னொண்டு கேக்கா. பரீட்சை முடியும் மட்டும் ஒருத்தரும் விருந்துக்குக் கூப்பிடப்படாதாம். அதையும் புத்தகத்தில எழுதணுமாம்."

பந்தலில் ஒரே ஆரவாரம். விருந்து இல்லாத கலியாணமா என்றார் ஒருவர். எங்கட வீட்டில ஆடு கட்டிக் கிடக்கே என்றார் இன்னொருவர். இதைப் புத்தகத்தின் எந்தப் பந்தியில் எழுதுவது என்று பதிவாளர் கேட்டார். மஹர் மஹர்தான், இது நிபந்தனை, இரண்டு தரப்பும் சம்மதித்தால் குறிப்பாக எழுதலாம் என்று மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"எனக்குச் சம்மதம்," என்றான் றிபாஸ். ஆனால் அவன் கண் திரையில் இருந்தது. விருந்துகள் அவனுடையவை அல்ல. அவை உம்மாவின் வாக்குகள், உம்மாவின் பெருமை. அவள் ஒரு சொல் குறுக்கே சொன்னால், இன்றைக்கு எழுதுகிற எந்த எழுத்தும் நாளைக்கு வாசலில் வந்து நிற்கிற சொந்தங்களைத் தடுக்காது.

திரை விலகியது. ஸைனம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்று பேசினாள், பந்தலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

"பொன் எடு எண்டு சொன்னது நான். அவன்ட பிழையில்ல. நான் என்ட மூஞ்சியத்தான் பாத்தன், அந்தப் புள்ளைட பரீட்சையப் பாக்கல. எல்லாரும் கேட்டுக்கங்க. என்ட மருமகள் பரீட்சை எழுதிட்டு வாற மட்டும் ஒரு ஊட்டுலயும் சோறு இல்ல. இறக்காமமும் இல்ல, சம்மாந்துறையும் இல்ல. ஆடு கட்டி வச்சிருக்கிறவங்க புல்லுப் போடுங்க."

பதிவாளர் எழுதினார். கல்குலேட்டர் ஒன்று, பொன்னிறம், பரீட்சைக்கு என்று எழுதிவிட்டு, அதன் கீழே விருந்து பற்றிய குறிப்பையும் சேர்த்தார். நிக்காஹ் முடிந்து துஆ ஓதியபோது றிபாஸ் ஆமீன் சொன்ன வேகத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மஹரைக் கையில் கொடுக்க உள்ளே அழைத்துப் போனார்கள். ஸம்றா தலையைக் குனிந்திருந்தாள், ஆனால் தோள் இன்னும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. மருதோன்றிச் சிவப்பு ஏறிய விரலால் அவள் கல்குலேட்டரை வாங்கி, இரண்டு போட்டுக் கூட்டலைத் தொடப் போனாள்.

"அப்பிடி இல்ல," என்றான் றிபாஸ் மெதுவாக. "முதல்ல ரெண்டு பேரையும் உள்ள கொண்டு போகோணுமாம். மறுகாதான் மத்ததெல்லாம். தக்சாயினித் தங்கச்சி சொன்னிச்சு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு அவன் சொன்னபடியே அமுக்கி, நான்கு வந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மறுநாள் காலை, ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் தங்கிய தம்பதியைப் பார்க்க இனிப்பு வட்டிலப்பச் சட்டியோடு மருதமுனைக்கு வந்து இறங்கிய சம்மாந்துறைச் சொந்தங்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சம்பந்தி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஸைனம்பு குந்தியிருந்தாள். விடியவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

"உள்ள படிக்கிறாங்க," என்றாள். "சட்டிய இஞ்ச தாங்க. சத்தம் போடாமப் போங்க."